இரண்டு மொழிகளை ஒப்பிடுவது எப்படி: கற்பிப்பவருக்கும் மொழிபெயர்ப்பவருக்கும்

கேள்வி: இரண்டு மொழிகளை ஒப்பிட்டு வைத்துக்கொண்டால் கற்பித்தலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் உதவும் என்கிறார்கள். அதை நடைமுறையில் எப்படிச் செய்வது? இரண்டு இலக்கண நூல்களை எடுத்து இயல் இயலாக ஒப்பிட்டால் போதுமா?

போதாது. பெரும்பாலும் அந்த உழைப்பு வீணாகும். இலக்கண நூலோடு இலக்கண நூலை வைத்துப் பார்த்தால் பெயர்களைத்தான் ஒப்பிடுவோம். ஆங்கிலத்தில் எதிர்காலம் என்று ஒன்று உண்டு, தமிழிலும் உண்டு. இரண்டையும் ஒரே வரிசையில் எழுதியதும் அந்தப் பகுதி முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் "அவர் தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பார்" என்பதில் இனி நடக்கப்போகும் செயல் எதுவும் இல்லை, இருப்பது வழக்கம். அதே பொருளைச் சொல்ல ஆங்கிலத்தில் நிகழ்கால வடிவம்தான் இயல்பு. இதைக் கவனிக்காத மாணவர் "ஹி வில் கெட் அப் அட் சிக்ஸ் டெய்லி" என்கிறார். அவர் எதிர்காலத்தைத் தவறாகப் படிக்கவில்லை. ஒரே பெயர் தாங்கிய இரண்டு வடிவங்கள் வெவ்வேறு வேலை செய்கின்றன என்பதை யாரும் அவருக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒப்பிட வேண்டியது வேலையை. "வழக்கமாக நடப்பதை இந்த மொழி எப்படிச் சொல்கிறது, அந்த மொழி எப்படிச் சொல்கிறது?" என்று கேட்க வேண்டும். இந்தப் பொது அளவுகோல் இல்லாத ஒப்பீடு எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயன்படாது.

ஒரு குழப்பத்தை முதலில் நீக்கிவிடலாம். 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளை ஒப்பிட்டது போன்ற ஆய்வு, மொழிகள் ஒரு மூலத்திலிருந்து எப்படிக் கிளைத்தன என்பதைத் தேடுவது. இங்கே பேசுவது வேறு. உறவே இல்லாத இரண்டு மொழிகளையும் இன்றைய நிலையில் அருகருகே வைத்து, எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்ப்பது. கற்பித்தலுக்காக இதை முறையாகச் செய்யலாம் என்ற நம்பிக்கை 1940களிலும் 50களிலும் அமெரிக்காவில் வலுப்பெற்றது. மொழியியலாளர்களான சார்லஸ் ஃப்ரைஸ் 1945இலும், ராபர்ட் லாடோ 1957இலும் இதை முன்வைத்தார்கள். தாய்மொழியோடு ஒத்திருப்பது எளிது, வேறுபடுவது கடினம். ஆகவே ஒப்பிட்டால் பிழைகளை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது அதன் சாரம்.

அது பாதிதான் உண்மை. 1967இல் பிட் கார்டர் மாணவரின் பிழைகளையே சான்றாக எடுத்துப் படிக்க வேண்டும் என்றார். 1972இல் லாரி செலின்கர், கற்பவரிடம் உருவாகும் மொழிக்கு 'இடைமொழி' என்ற கருத்தைக் கொடுத்தார்: அது தாய்மொழியும் அல்ல, கற்கும் மொழியும் அல்ல, தனக்கென்று ஓர் ஒழுங்கு உடையது. ஆங்கிலம் கற்பவர் 'கோ' (போ) என்ற வினையின் இறந்தகாலத்தை 'வென்ட்' என்று சொல்லாமல் 'கோட்' என்று சொன்னால், அது எந்தத் தாய்மொழியிலிருந்தும் வரவில்லை. ஆங்கில விதியையே அளவுக்கு மீறி நீட்டியதால் வந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தையும் அப்படித்தான் சொல்கிறது. அதனால் இன்று ஒப்பீட்டைத் தீர்ப்பாக யாரும் கொள்வதில்லை. சோதித்துப் பார்க்க வேண்டிய ஓர் ஊகமாகவே கொள்கிறோம். அப்படிக் கொண்டால் அதைவிடப் பயனுள்ள கருவி ஆசிரியருக்கு வேறில்லை என்பேன்.

ஒப்பீட்டுக்குத் திசை உண்டு

பலரும் தவறவிடுவது இதை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றுதான் என்றாலும், அதனால் வரும் சிக்கல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. 'நாம்', 'நாங்கள்' என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழர் ஆங்கிலம் பேசும்போது இரண்டும் 'வி' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும்; தொல்லையே இல்லை. ஆங்கிலேயர் தமிழ் பேசும்போது ஒரு சொல் இரண்டாகப் பிரிகிறது. கேட்பவரையும் சேர்த்துச் சொல்கிறோமா, விலக்கிச் சொல்கிறோமா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். அவர் தாய்மொழி அந்தக் கேள்வியை ஒருபோதும் அவரிடம் கேட்டதில்லை.

இப்படி ஒன்று பலவாகப் பிரியும் இடங்கள்தான் மிகக் கடினமானவை என்று 1965இல் ஸ்டாக்வெல், போவன், மார்ட்டின் மூவரும் ஆங்கிலத்தையும் ஸ்பானிஷையும் ஒப்பிட்டு ஒரு கடினத்தன்மை வரிசை அமைத்தார்கள். அந்த வரிசையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் பிரிகிறதா, சேர்கிறதா, புதிதா, இல்லாமலே போகிறதா என்று ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் குறி போடுவது மிக நல்ல பழக்கம். தமிழின் 'படிக்கிறேன்' ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிறது: எப்போதும் படிப்பதற்கு ஒரு வடிவம், இப்போது படித்துக்கொண்டிருப்பதற்கு இன்னொன்று. 'எனக்குத் தெரியும்' என்பதற்கு "ஐ ஆம் நோயிங்" என்பது போன்ற வாக்கியங்கள் பிறப்பதற்கு இது ஒரு வழி. எதிர்த்திசையில், ஆங்கிலத்தின் 'வாஷ்' தமிழில் கழுவு, துவை, அலசு என்று உடைகிறது; 'கட்' என்பது வெட்டு, நறுக்கு, அறு, கத்தரி என்று சிதறுகிறது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பட்டியல் கொடுத்தால் கற்பவர் சட்டையைக் கழுவுவார், வெங்காயத்தை அறுப்பார்.

ஆகவே தமிழ்–ஆங்கில ஒப்பீடு என்று ஒரே அட்டவணை போடாதீர்கள். தமிழ் அறிந்தவர் ஆங்கிலம் கற்பதற்கு ஒன்று, ஆங்கிலம் அறிந்தவர் தமிழ் கற்பதற்கு ஒன்று. மொழிபெயர்ப்புக்கும் அப்படியே இரண்டு. நான்கும் வெவ்வேறு ஆவணங்கள்.

செய்யும் முறை

தொடக்கம் ஒரு சிக்கலாக இருக்க வேண்டும். 'வேற்றுமைகளை ஒப்பிடலாம்' என்று இறங்கினால் கரை தெரியாது. 'மாணவர்கள் ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வரும் எ, தி என்ற ஆர்ட்டிகிளை விட்டுவிடுகிறார்கள்', 'மொழிபெயர்ப்பில் செயப்பாட்டுவினை நெளிகிறது' என்று ஒன்றைப் பிடியுங்கள்.

அடுத்து, எந்தத் தமிழ் என்று முடிவு செய்யுங்கள். தமிழ் இரட்டை வழக்கு உடையது. எழுத்துத் தமிழில் 'வந்துகொண்டிருக்கிறேன்', பேச்சில் 'வந்துட்டிருக்கேன்'. கற்பவரின் மனத்தில் இருந்து குறுக்கிடுவது பெரும்பாலும் பேச்சுத் தமிழ். இலக்கண நூல் விவரிப்பதோ எழுத்துத் தமிழ். பேச்சுத் தமிழின் குறுக்கீட்டை எழுத்துத் தமிழ் விதியால் விளக்கப் போனால் விளக்கம் பொருந்தாது. மொழிபெயர்ப்பில் அது பனுவலின் வகையைப் பொறுத்தது: கட்டுரைக்கு எழுத்துத் தமிழ், திரை வசனத்துக்குப் பேச்சுத் தமிழ். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது.

மூன்றாவது, எடுத்துக்காட்டுகள். ஒவ்வொரு மொழியிலும் 30 முதல் 50 வாக்கியங்கள் போதும். ஆனால் அவை அந்த மொழியில் முதலிலேயே எழுதப்பட்டவையாக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தால், மூலமொழியின் நிழல் விழுந்த தமிழை இயல்பான தமிழ் என்று எண்ணிவிடுவீர்கள். மூலமும் மொழிபெயர்ப்பும் இணையாகக் கிடைக்கும் பனுவல்கள், எதற்கு எது பதிலாக வருகிறது என்று தேடத் தொடங்க உதவும். கிடைத்ததை உறுதிப்படுத்த மூலப் பனுவலுக்கே போக வேண்டும்.

பிறகு, எந்தச் சூழலில் எந்த வடிவம் என்று எழுதுங்கள். வெறும் வடிவப் பட்டியல் பயன்படாது, நிபந்தனைதான் உயிர். கடைசியாக ஓர் ஊகம்: 'இந்த இடத்தில் இப்படித் தவறு வரும்.' அந்த ஊகத்தை மாணவர்களின் எழுத்திலோ மொழிபெயர்ப்பிலோ தேடிப் பாருங்கள். வரவில்லையென்றால் ஒப்பீட்டைத் திருத்துங்கள்.

ஆர்ட்டிகிளை வைத்து ஒரு முழு எடுத்துக்காட்டு

ஆங்கிலத்தின் 'எ', 'தி' இரண்டும் தமிழில் இல்லை என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். வடிவத்தைத் தேடினால் இல்லைதான். வேலையைத் தேடினால் நிறைய இருக்கிறது. கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த பொருளா, புதிதாக அறிமுகமாகும் பொருளா என்று தமிழ் எப்படிக் காட்டுகிறது?

செயப்படுபொருள் அஃறிணையாக இருந்தால் ஐ உருபு அந்த வேலையைச் செய்கிறது. "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ புத்தகம். "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் நாம் முன்பே பேசிய அந்தப் புத்தகம். இருப்பதைச் சொல்லும் வாக்கியத்தில் சொல்வரிசை அந்த வேலையைச் செய்கிறது. "மேசைமேல் புத்தகம் இருக்கிறது" என்பது புதிய செய்தி. "புத்தகம் மேசைமேல் இருக்கிறது" என்பது நீங்கள் தேடும் புத்தகம் எங்கே என்பதற்குப் பதில். இவை தவிர 'ஒரு' இருக்கிறது, 'அந்த' இருக்கிறது, சூழலே காட்டிக்கொடுப்பதும் இருக்கிறது.

எல்லை எங்கே? உயர்திணையில் ஐ உருபு பெரும்பாலும் கட்டாயம்: "ஒரு பையனைப் பார்த்தேன்" என்பதில் பையன் புதியவன், ஆனாலும் உருபு வந்துவிட்டது. ஆகவே அந்தச் சோதனை அஃறிணைக்கு மட்டும். எழுவாய் இடத்திலும் அது உதவாது. இந்த எல்லையைச் சொல்லாமல் கற்பித்தால், மாணவர் ஐ வரும் இடமெல்லாம் 'தி' போடுவார். விதி கொடுத்தவரே புதிய பிழையை உண்டாக்கியவர் ஆவார்.

இதிலிருந்து பாடம் இப்படி அமையும். முதலில் தமிழில் மட்டும் பத்து இணைகள்: புத்தகம் வாங்கினேன் / புத்தகத்தை வாங்கினேன் போன்றவை. ஒவ்வொன்றிலும் "கேட்பவருக்கு எந்தப் பொருள் என்று தெரியுமா?" என்ற ஒரே கேள்வி. தமிழர் எவரும் இதற்குச் சரியாகவே பதில் சொல்வார். அறிவு உள்ளே இருக்கிறது, அதற்குப் பெயர்தான் இல்லை. பிறகு அதே பத்தையும் ஆங்கிலத்தில், 'எ', 'தி' இட வேண்டிய இடம் காலியாக. அடுத்து உயர்திணை, எழுவாய் இடங்கள். பொதுப்பெயராகவும் பன்மையாகவும் ஆர்ட்டிகிள் இல்லாமலும் வரும் இடங்களைக் கடைசியில் வையுங்கள். அங்கே தமிழ் உதவாது, ஆங்கிலத்துக்குள்ளேயே பழக வேண்டும்.

மொழிபெயர்ப்பவருக்கு இதே ஒப்பீடு வேறு முடிவைத் தருகிறது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது 'எ' வந்த இடமெல்லாம் 'ஒரு', 'தி' வந்த இடமெல்லாம் 'அந்த' என்று போட்டால் தமிழ் திணறும். ஐ உருபையும் சொல்வரிசையையும் முதலில் முயலுங்கள். அவை போதாத இடத்தில் மட்டும் 'ஒரு', 'அந்த'.

ஒலி

ஒலியில் ஒப்பீட்டின் ஊகம் இலக்கணத்தைவிட நன்றாகப் பலிக்கும். ஆனால் வேறுபாடு பெரிதாக இருந்தால் கடினம் என்ற கணக்கு இங்கே பொய்க்கிறது. முற்றிலும் புதிய ஒலியைக் காது 'இது வேறு' என்று பிரித்துக்கொள்கிறது. ஏறத்தாழ ஒத்திருக்கும் ஒலியைத்தான் தாய்மொழி ஒலியின் கணக்கில் சேர்த்துவிடுகிறது, பிறகு அது நகர்வதே இல்லை.

ஆங்கிலத்தின் 'ட்' போன்ற ஒலி நுனிநா பல்லுக்குச் சற்று மேலே உள்ள முகட்டைத் தொட்டுப் பிறப்பது. தமிழில் அதற்கு முன்னால் த், பின்னால் ட். தமிழர் காது அதை ட் என்று எடுத்துக்கொண்டது. டிக்கெட், டேபிள் என்று எழுதுவது அதனால்தான். ஆங்கிலேயர் காதோ தமிழின் த், ட் இரண்டையும் தன் ஒரே ஒலிக்குள் போட்டுக்கொள்கிறது. அவருக்குப் பத்து–பட்டு, பாதம்–பாடம் இணைகளைக் காதால் பிரிக்கப் பயிற்சி தராமல் வாயால் சொல்லச் சொல்வது பயன் தராது. முதலில் 'ஒன்றா, வேறா' என்று மட்டும் சொல்லும் பயிற்சி. பத்தில் ஒன்பது சரியாக வந்த பிறகு உச்சரிப்பு.

இன்னொன்று: ஆங்கிலத்தில் சொல் முதலில் வரும் 'ப்' மூச்சு வெடிப்போடு வரும். தமிழ் ப் அப்படி வராது. ஆகவே 'பல்' என்று நாம் சொல்வதை ஆங்கிலேயர் ஒலிப்புடைய ப் ஆக, அதாவது 'பஸ்' என்பதில் வருவது போன்ற ஒலியாகக் கேட்பார். தமிழர் பக்கம், தமிழுக்கே உரிய சொற்களில் முதலெழுத்தில் ஒலிப்பு வேறுபாடு இல்லை. ஆனால் 'பஸ்' போன்ற கடன்சொற்களில் உண்டு. கற்பவர் பேச்சில் அந்த வேறுபாடு ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் பாடம் தொடங்குங்கள். பலருக்கு ஒலியில் வேறுபாடு இருக்கும். எழுத்துதான் இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிறது.

இரட்டித்த மெய் (எடு–எட்டு, படம்–பட்டம்) ஆங்கிலேயருக்குக் கடினம் என்பார்கள், ஒரு சொல்லுக்குள் அது அவர்களிடம் இல்லை என்பதால். ஆனால் இரண்டு சொற்கள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது: 'பிளாக் கேட்', 'ஹாட் டீ' என்று சேர்த்துச் சொல்லும்போது மெய் நீள்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள். ழகரத்துக்கும் இப்படி ஒரு வாசல் உண்டு. அமெரிக்க ஆங்கிலத்தில் சொல் நடுவிலும் இறுதியிலும் வரும் 'ர்' ழகரத்துக்கு நெருக்கமானது. அதை உதடு குவியாமல் சொல்லச் செய்தால் பாதி தூரம் வந்துவிடலாம். ஒப்பீடு தடைகளைத் தேட மட்டும் அல்ல, இத்தகைய பிடிமானங்களைத் தேடவும்தான். ஆசிரியர்கள் இந்த இரண்டாவது பயனை மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

ஊகம் ஏமாற்றும் இரண்டு விதங்கள்

தாய்மொழியின் மேல் பழி போடுவது ஒன்று. தமிழர் பலர் "ஃபார் த்ரீ இயர்ஸ்" என்பதற்குப் பதில் "சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்கிறார்கள். உடனே 'தமிழ்த் தாக்கம்' என்று எழுதிவிடுகிறோம். ஆனால் தமிழ் இரண்டையும் பிரித்தே சொல்கிறது: தொடக்கத்துக்கு '2020இலிருந்து', கால அளவுக்கு 'மூன்று ஆண்டுகளாக'. ஆங்கிலத்தின் 'சின்ஸ்', 'ஃபார்' வேறுபாட்டோடு இது அழகாகவே பொருந்துகிறது. இந்தியில்தான் இரண்டுக்கும் 'ஸே' ஒன்றே. ஆக, இந்தப் பிழைக்குத் தமிழ் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. சுற்றிலும் கேட்கும் ஆங்கிலத்திலிருந்து ஒட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். இது நல்ல செய்தி. இருந்து, ஆக என்ற இரண்டையும் நினைவூட்டினாலே பாடம் முடியும்.

மற்றொன்று, பிழையே வராமல் இருப்பது. 1974இல் ஜாக்குலின் ஷாக்டர், சீனம், ஜப்பானியம் பேசுவோரும் பாரசீகம், அரபு பேசுவோரும் எழுதிய ஆங்கிலத்தைப் பார்த்தார். 'ஹூ', 'விச்' கொண்டு பெயரை விரிக்கும் தொடர்களில் சீனமும் ஜப்பானியமும் பேசுவோர் குறைவாகத் தவறு செய்திருந்தார்கள். காரணம் தேர்ச்சி அல்ல. அந்த அமைப்பையே அவர்கள் தவிர்த்துவிட்டார்கள். அவர்கள் மொழிகளில் அடைத்தொடர் பெயருக்கு முன்னால் வருகிறது. தமிழும் அப்படித்தான்: 'நேற்று வந்த பையன்'. ஆகவே தமிழ் மாணவரின் கட்டுரையில் சிவப்பு மை இல்லாதது கண்டு மகிழ வேண்டாம். அவர் எத்தனை முறை அந்த அமைப்பைப் பயன்படுத்தினார் என்று எண்ணுங்கள். தவிர்க்க முடியாத பயிற்சியும் கொடுங்கள்: இரண்டு வாக்கியங்களைத் தந்து ஒன்றாக இணைக்கச் சொல்வது.

பெயரெச்சத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. 'நான் வெட்டிய பழம்', 'நான் வெட்டிய கத்தி', 'நான் வெட்டிய இடம்' மூன்றிலும் வடிவம் ஒன்றே. பழம் செயப்படுபொருள், கத்தி கருவி, மூன்றாவது செயல் நடந்த இடம் என்பதை நாமே புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் கத்திக்கு 'வித்' கேட்கும். அதை விட்டுவிடுவார் என்பது இந்த ஒப்பீட்டிலிருந்து வரும் ஊகம். கட்டுரைகளில் தேடிப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பவர் பார்க்க வேண்டியவை

கற்பிப்பவர் கேட்பது 'எங்கே தவறுவார்?' மொழிபெயர்ப்பவர் கேட்க வேண்டியது 'இலக்குமொழி என்னை எதைச் சொல்ல வற்புறுத்துகிறது?' மொழிகள் வேறுபடுவது எதைச் சொல்ல முடியும் என்பதில் அல்ல, எதைச் சொல்லியே தீர வேண்டும் என்பதில்தான் என்ற பொருள்பட மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1959இல் எழுதினார். ஆங்கிலத்தில் 'பிரதர்' என்றால் போதும். தமிழ் அண்ணனா தம்பியா என்று கேட்கும். 'யூ' என்பது நீயா நீங்களா? 'ஹி' என்பது அவனா அவரா? எதிர்த்திசையில், 'அவர்' என்று தமிழில் பால் காட்டாமல் நான்கு பக்கம் எழுதிவிடலாம். ஆங்கிலம் உடனே ஆணா பெண்ணா என்று கேட்கும். இவற்றை வாக்கியம் வாக்கியமாக முடிவு செய்யாதீர்கள். மொழிபெயர்ப்பு தொடங்கும் முன்பே மூலத்தை ஒருமுறை முழுக்கப் படித்து, யார் யாரை எப்படி விளிக்கிறார், உறவு என்ன, வயது என்ன என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். நடுவில் முடிவு செய்தால் மூன்றாம் இயலில் அண்ணனாக இருந்தவர் பத்தாம் இயலில் தம்பியாகிவிடுவார்.

உரையாடலில் எதிர்மறைக் கேள்வி வரும்போது நின்று படியுங்கள். "நீ வரவில்லையா?" என்றால், வராதவர் தமிழில் "ஆமாம், வரவில்லை" என்று சொல்லக்கூடும், கேள்வியில் உள்ள கூற்றை ஒப்புக்கொள்கிறார். ஆங்கிலத்தில் அதே ஆள் 'நோ' என்பார்; தன் செயலை மறுக்கிறார். வசனத்தில் 'நோ' ஒன்று தனியே வந்து, அதை 'இல்லை' என்று மாற்றினால் சில இடங்களில் பொருள் கவிழும். முன்னால் உள்ள கேள்வியைப் பார்த்துவிட்டு 'வரவில்லை' என்று வினையாலேயே பதில் சொல்லவைப்பது பாதுகாப்பு.

செயப்பாட்டுவினையில் வடிவத்தை விட்டு வேலையைப் பார்ப்பதன் பயன் நன்றாகத் தெரியும். ஆங்கிலம் ஏன் அதை இவ்வளவு பயன்படுத்துகிறது? சொல்வரிசை அங்கே இறுக்கமானது. எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதை வாக்கியத்தின் முதலில் வைக்க வேண்டுமானால் அதை எழுவாயாக்குவதே எளிய வழி. தமிழில் வேற்றுமை உருபு இருப்பதால், எழுவாயாக்காமலே முன்னால் கொண்டுவரலாம். "இந்த முடிவு குழுவால் எடுக்கப்பட்டது" என்பதை "இந்த முடிவைக் குழு எடுத்தது" என்று எழுதினால் முடிவு முதலிலேயே நிற்கிறது, வினையும் நேராக இருக்கிறது. செய்தவர் யாரென்று சொல்லப்படாத இடத்தில் 'பட்டது' வரலாம், அது தமிழுக்கு அயல் அல்ல. 'ஆல்' வந்து 'பட்டது'வும் வரும் வாக்கியத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பரிசோதியுங்கள்.

உயிரற்ற எழுவாயும் இப்படித்தான். 'மழை எங்களைப் போகவிடாமல் தடுத்தது' என்பது இலக்கணப் பிழை அல்ல. ஆனால் 'மழையால் போக முடியவில்லை' என்பதுதான் தமிழ் நடை. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள் என்று அனுபவிப்பவரையும் உடையவரையும் கு உருபில் வைப்பது நம் மொழியின் இயல்பு. தமிழ் கற்கும் ஆங்கிலேயர் 'நான் தமிழ் தெரியும்' என்பதும், தமிழில் மொழிபெயர்ப்பவர் 'நான் ஒரு சந்தேகத்தைக் கொண்டிருக்கிறேன்' என்று எழுதுவதும் ஒரே இடத்தில் விளையும் பிழைகள்.

எல்லாவற்றையும்விட நுட்பமானது எண்ணிக்கை. இரண்டு மொழியிலும் ஒரு வடிவம் இருக்கும், தவறும் இருக்காது, ஆனாலும் பனுவல் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும். எத்தனை முறை வருகிறது என்பதில் இருக்கிறது அந்த வாடை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரே துறையில், தமிழிலேயே எழுதப்பட்ட 5,000 சொற்கள். உங்கள் மொழிபெயர்ப்பில் 5,000 சொற்கள். இரண்டிலும் ஐந்தை எண்ணுங்கள்: மற்றும், ஒரு, ஆல்–பட்டது, அஃறிணைப் பெயரில் கள் விகுதி, வாக்கியத்தின் எழுவாயாக நான், அவர், அது. தமிழில் இணைப்பு உம் கொண்டு நடக்கும். வினைமுற்றே இடத்தையும் பாலையும் காட்டுவதால் எழுவாய் பல இடங்களில் மறையும். 'மூன்று மரம்' என்றாலே பன்மை விளங்கும். எந்த எண்ணிக்கை மூலத் தமிழைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கிறதோ, திருத்தத்தை அங்கே தொடங்குங்கள்.

நீண்ட ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்கும்போது, அடைத்தொடர் ஒன்றுக்கு மேல் இருந்தால் வெட்டத் தயங்க வேண்டாம். ஆங்கிலத்தில் அடை பெயருக்குப் பின்னால் தொங்குவதால் வாசகர் பெயரை முதலில் பிடித்துக்கொள்கிறார். தமிழில் பெயர் வரும்வரை அடையைச் சுமக்க வேண்டும். கூடவே, ஆங்கிலத்தில் காற்புள்ளி காட்டும் வேறுபாடு பெயரெச்சத்தில் மறைந்துவிடும். 'வெளியூரில் இருக்கும் என் அக்கா' என்றால் இன்னோர் அக்கா உள்ளூரில் இருப்பதாகவும் படலாம். ஒரே அக்காதான் என்றால் 'என் அக்கா வெளியூரில் இருக்கிறார். அவர்...' என்று பிரித்து எழுதுங்கள்.

எந்த இணையை ஒப்பிடுவது?

கற்பவருக்கு ஏற்கெனவே இரண்டாவது மொழி ஒன்று தெரிந்திருந்தால், ஒப்பீடு அதிலிருந்தும் செய்யப்பட வேண்டும். தமிழர் இந்தி கற்கும்போது பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தால், மனம் ஆங்கிலத்தோடு ஒப்பிடத் தொடங்குகிறது. வினை கடைசியில் வருவதும், உருபு பெயருக்குப் பின்னால் வருவதும், 'முஜே பூக் லகீ ஹை' (எனக்குப் பசிக்கிறது) என்று பசிப்பவரை நான்காம் வேற்றுமையில் சொல்வதும் ஆங்கில வழியில் புதுமைகள். தமிழ் வழியில் பழகிய பாதை. தமிழ் வழியிலும் புதிதாக இருப்பவை உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் கொடுப்பது, இறந்தகாலத்தில் செய்பவரோடு வரும் 'நே' போன்றவை. பாட நேரத்தை அவற்றுக்கு ஒதுக்குங்கள்.

ஆங்கிலத்தை நடுவில் வைத்துத் தமிழிலிருந்து இந்திக்கு மொழிபெயர்க்கும்போது இழப்பு இன்னும் கூர்மையானது. நீ, நீங்கள் என்பதற்கு இந்தியில் தூ, தும், ஆப் இருக்கின்றன. சித்தப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் அங்கே தனித்தனிச் சொற்கள் உண்டு. நடுவில் 'யூ' என்றும் 'அங்கிள்' என்றும் ஆனதும், இரண்டு முனையிலும் இருக்கும் செய்தி வழியில் போய்விடுகிறது. இந்தி மொழிபெயர்ப்பாளர் ஊகித்து நிரப்புவார், சில இடங்களில் தவறாக. இதற்குத் தீர்வு எளிது: ஆங்கிலப் பிரதி இடைப்பிரதியாகப் பயன்படப் போகிறது என்று தெரிந்தால், விளி, உறவு, நாம்–நாங்கள், பேசுபவரின் வயது வரிசை ஆகியவற்றை ஓரக்குறிப்பாக எழுதிச் சேர்த்தே அனுப்புங்கள். குறிப்பு இல்லாமல் வந்த இடைப்பிரதி உங்கள் கைக்குக் கிடைத்தால், வேலையைத் தொடங்கும் முன் இந்த நான்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.